நிறத்தில் ஓடும் நாடி

நம்முடைய தமிழ்க் கதைகளில் கதாநாயகிக்கு எது நேர்ந்தாலும் உடனே முகம் சிவந்துவிடும். வெட்கம் வந்தாலும் சிவக்கும். கோபம் வந்தாலும் சிவக்கும். அத்தை மகன் வாசலில் வந்து நின்றாலும் சிவக்கும். ஆனால் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடல் வெயிலில் கறுத்த பெண்களை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தால் இந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்கும். கறுத்த முகம் சிவக்குமா? சிவந்தாலும் வெளியே தெரியுமா? ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு, 'அவள் தலையைக் குனிந்துகொண்டாள்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இப்போது பதில் சொல்லியிருக்கிறது. எல்லா முகமும் சிவக்கிறது. வெட்கமும் கோபமும் வேண்டியதில்லை. இருதயம் ஒரு தடவை துடித்தால் முகம் ஒரு தடவை சிவந்து, பிறகு வெளிறுகிறது. நிமிஷத்துக்கு 72 தடவை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து மூவாயிரம் தடவைக்கு மேல் ஆகிறது. மனிதக் கண்ணுக்குத் தென்படாத அத்தனை சிறிய மாறுதல் அது. ஆனால் சட்டைப் பையில் கிடக்கும் கைபேசியின் காமிராவுக்கு அது அகப்படுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அரை நிமிஷம் படம் பிடித்து, இவருடைய நாடி நிமிஷத்துக்கு இத்தனை என்று அது கணக்குச் சொல்லிவிடுகிறது. கையைப் பிடிக்க வேண்டாம். விரலில் எதையும் மாட்ட வேண்டாம். மார்பில் எதையும் ஒட்ட வேண்டாம்.

கேட்பதற்குச் செப்பிடு வித்தை போல் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் வித்தையைவிடச் சரித்திரம்தான் பெரிதாகப் படுகிறது. நோயாளியைத் தொடாமல் நோய் பார்ப்பது புதிய சங்கதியே அல்ல. அதற்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. சிரிக்கத் தக்க பக்கங்களும், படித்தால் நெஞ்சு கனக்கும் பக்கங்களும் அதில் உண்டு. சில பக்கங்கள் நம் வடசென்னையிலேயே எழுதப்பட்டவை. காமிராவுக்கு வருமுன் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

நம் சித்த வைத்தியர்கள் நோயாளியை எட்டு விதமாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வகுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர் ஆகிய இந்த எட்டும் சேர்ந்தது எண்வகைத் தேர்வு. வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் நாடி தனி, நிறம் தனி. நாடியை விரலால் பார்க்க வேண்டும். நிறத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் மற்றொன்று ஒளிந்திருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை.

ஆணுக்கு வலக் கை, பெண்ணுக்கு இடக் கை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் மூன்றையும் வைத்தியர் அறிந்துகொள்வார். அவர் எண்ணிக்கை பார்ப்பதில்லை, நடை பார்ப்பார். அன்ன நடையா, ஆமை நடையா, தவளைப் பாய்ச்சலா என்பதுதான் அவருக்கு முக்கியம். நாடியை எண்ணிப் பார்க்கும் ஆசை மேற்கே எழுந்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த ஹீரோஃபிலஸ் என்ற வைத்தியர் நீர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாடி பார்த்ததாகச் சொல்வார்கள். 1707-ல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில வைத்தியர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக் கொண்டு நாடியை எண்ணும் விதத்தைப் புத்தகமாகவே எழுதினார். 'நிமிஷத்துக்கு இத்தனை' என்று டாக்டர்கள் இன்று சொல்லும் பேச்சுக்கு அவர்தான் வழி வகுத்தவர்.

எண்ணினாலும் சரி, நடை பார்த்தாலும் சரி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று தேவைப்பட்டது. நோயாளி கையை நீட்ட வேண்டும். நீட்டாத கையில் நாடி பார்க்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

கையை நீட்டுவது எல்லாருக்கும் சுலபமான காரியமாக இருக்கவில்லை. நிக்கோலாவோ மனூச்சி என்ற வெனிஸ் நகரத்துக்காரர் 1656-ல் இந்தியாவுக்கு வந்தார். மொகலாய ராஜ்யத்தில் பீரங்கி சுட்டார், பிறகு வைத்தியரானார். வைத்தியம் எங்கே படித்தார் என்று கேட்கக் கூடாது. அரசகுமாரர் ஷா ஆலத்தின் அந்தப்புரத்துக்குக்கூட அவர் வைத்தியம் பார்த்தார். கடைசியில் 1686-ல் சென்னைக்கு வந்து, இங்கேயே ஒரு விதவையைக் கலியாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தினார். தம் அநுபவங்களை எல்லாம் பெரிய புத்தகமாக எழுதிவைத்தார்.

அந்தப்புரத்தில் நாடி பார்த்த விதத்தை அவர் வேடிக்கையாகச் சொல்கிறார். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே திரை தொங்கும். வைத்தியர் திரைக்குள் கையை நீட்டி, உள்ளே இருக்கும் பெண்மணியின் மணிக்கட்டைத் தேட வேண்டும். உள்ளே இருப்பவர்களில் சிலர் நோய் இல்லாமலே நோய் என்று சொல்லி வைத்தியரை வரவழைப்பார்களாம். நீட்டிய கையை முத்தமிடுவார்களாம். சிலர் மெல்லக் கடிப்பார்களாம். வருஷக் கணக்கில் வேற்று மனிதரின் முகத்தையே காணாத பெண்களுக்கு, நாடி பார்க்க வந்த அந்தக் கை வெளி உலகத்திலிருந்து வந்த கையாக இருந்திருக்கிறது. மனூச்சி இதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதினார். ஆனால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் தொண்டையில் அடைக்கும்.

கூச்சம் ஐரோப்பாவிலும் இருந்தது. 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டரிடம் இருதயக் கோளாறுடன் ஓர் இளம்பெண் வந்தாள். மார்பில் காது வைத்துக் கேட்பதுதான் அந்தக் கால வழக்கம். பெண்ணோ இளம் வயது. தடித்த சரீரம் வேறு. டாக்டர் கூசினார். பக்கத்தில் இருந்த காகிதங்களைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையை அவள் மார்பில் வைத்து மறு முனையில் காதை வைத்தார். நேரே கேட்பதைவிட இருதயத்தின் ஓசை தெளிவாகக் கேட்டது. டாக்டர்களின் கழுத்தில் இன்று மாலையாகத் தொங்கும் ஸ்டெதஸ்கோப் இப்படிக் கூச்சத்தில் பிறந்த குழந்தை.

நம் நாட்டில் கூச்சம் இன்னும் பெரிய சுவராக நின்றது. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்ற காரணத்தால் பிரசவத்திலும் ஜுரத்திலும் வீட்டுக்குள்ளேயே மாண்டுபோன பெண்களுக்குக் கணக்கு இல்லை. டாக்டர் மேரி ஷார்லீப் 1885-ல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி தொடங்கியதற்குக் காரணம் இதுதான். 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில் என்ற பெண்மணி சென்னையில் ஆரம்பித்த வைத்தியப் பணி வளர்ந்து, 1914-ல் ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியாக நிமிர்ந்து நின்றது. தொடத் தகுந்த கை வந்து சேர்ந்தபோது பெண்கள் தாங்களாகவே கையை நீட்டினார்கள்.

இதுவரை சொன்னது கூச்சத்தின் சரித்திரம். தொடாமைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது நியாயம் ஆகாது.

1929-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி காந்திஜியின் 'யங் இந்தியா' பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பினர். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் நோய் கண்டது. மூச்சு விடக் கஷ்டப்பட்டாள். டாக்டரை அழைத்தார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்த பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சம்மதித்தார். இரண்டு நாள் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தம் தர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் அதைக் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். பிறகு அதே வழியாக அது டாக்டரிடம் திரும்பி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனாள். டாக்டர் அம்பேத்கர் இந்தக் கடிதத்தைத் தம்முடைய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

தொடாமல் வைத்தியம் பார்ப்பதில் நம் தேசம் யாருக்கும் பிற்பட்டதல்ல என்று நான் சொல்வது இதனால்தான். இந்தக் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தர்மாமீட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. டாக்டர் சொன்ன நோயின் பெயரும் தவறு என்று யாரும் சொல்லவில்லை. கருவி மூன்று கைகள் மாறிப் போய் வந்தும் பொய் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் பொய்த்தது.

மூன்றாவதாக ஒரு தொடாமை 2020-ல் வந்தது. கொரோனா என்ற தொற்று நோய் சென்னையைப் பிடித்தபோது, அந்த மே மாதக் கடைசியில் மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் நோயாளிகள் மிக அதிகம். ஒட்டி ஒட்டி வீடுகள். ஒரே அறையில் ஐந்தாறு பேர். துறைமுகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்த்தான் அன்றன்றாடச் சாப்பாடு. 'விலகி நில்' என்றால் எங்கே விலகுவது? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்ஸுகளும் தலை முதல் கால் வரை உறை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு மூலம் 1782-ம் வருஷப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம். 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் அதனால் வந்தது. பஞ்சமும் தொற்றும் வரும்போதெல்லாம் வடசென்னை ஜனங்கள் ஓடிவந்த இடம் அது. அங்கேகூட ஒருவரை ஒருவர் தொடுவதற்கு அஞ்சவேண்டிய காலம் வந்தது.

அந்த நாட்களில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து ஒரு சின்னக் கருவியை ஜனங்களின் விரலில் மாட்டிப் பார்த்தார்கள். துணி உலர்த்தும் கிளிப்பைப் போல் இருக்கும் அதற்கு ஆக்ஸிமீட்டர் என்று பெயர். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, நாடி எத்தனை என்று அது காட்டும். காமிரா நாடிக்கு இதுதான் தாய். ஆகவே இதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்கர் 1937-ல், விளக்கு ஒன்றையும் ஒளியை உணரும் மின்கலம் ஒன்றையும் வைத்துக்கொண்டு விரலில் ரத்தம் ஏறி இறங்குவதை அளந்தார். ரத்தம் நிறைந்தபோது ஒளி குறைந்தது. வடிந்தபோது ஒளி கூடியது. 1974-ல் ஜப்பானில் டாகுவோ ஆயோகி என்ற பொறியியல் நிபுணர், இரண்டு வித ஒளிகளைப் பயன்படுத்தினால் பிராணவாயுவின் அளவையும் நாடியோடு சேர்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். உலகம் முழுவதும் அந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2020 ஏப்ரல் மாதத்தில்தான் ஆயோகி காலமானார்.

ஆக்ஸிமீட்டரும் தொடும் கருவிதான். விரலில் மாட்ட வேண்டும். அதையும் விட்டுவிடலாம் என்று காட்டியவர்கள் கலிபோர்னியாவில் இர்வைன் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வெர்க்ரைஸ், ஸ்வாஸான்ட், நெல்ஸன் என்ற மூவர். அவர்களுடைய கட்டுரை 2008-ல் வெளியாயிற்று. சருமத்தில் சிவந்த மச்சங்கள் எப்படி உண்டாகின்றன, அவற்றில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அவர்கள் அக்கறை கொண்ட விஷயங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் காமிராவை, ஒரு மீட்டருக்கும் அதிகமான தூரத்தில், அறையில் இருந்த வெளிச்சத்திலேயே வைத்து முகத்தைப் படம் பிடித்தார்கள். தனி விளக்குக்கூட இல்லை. அந்தப் படத்துக்குள் நாடி இருந்தது.

அது எப்படி என்று பார்க்கலாம். வீடியோ என்பது விநாடிக்குச் சுமார் முப்பது படங்கள். அரை நிமிஷத்தில் 900 படங்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு படமும் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று 0 முதல் 255 வரை எண் உண்டு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விரும்பி விழுங்கும். முகத்தில் ரத்தம் ஏறும்போது பச்சை எண் ஒரு துளி குறைகிறது. இறங்கும்போது ஒரு துளி கூடுகிறது. 'முகம் சிவந்தது' என்று நாவலாசிரியன் எழுதுவதை விஞ்ஞானி, 'பச்சை குறைந்தது' என்று எழுதுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த ஒரு துளி, எண்ணில் ஒரு படிகூட இராது. ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காசிமேட்டுக் கடலோரத்தில் நின்று ஒரே ஓர் அலையைப் பார்த்துவிட்டு, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்ல முடியுமா? அலைக்கு அலை முழ உயரம் வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுவதும் ஆயிரம் அலைகளைக் குறித்து வைத்துச் சராசரி பார்த்தால், ஓதம் ஏறி இறங்குவது கண்ணாடிபோல் தெரியும். முகத்திலும் அப்படியே. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், தாறுமாறான அலைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. அடியில் இருந்த ஓதம் வெளிப்படுகிறது. அந்த ஓதம்தான் நாடி.

மனிதர் தலையை ஆட்டுவார், பேசுவார், விளக்கு மினுக்கும். இவை எல்லாம் கணக்கைக் கெடுக்கும். 2010-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஸ்தாபனத்தைச் சேர்ந்த போ, மக்டஃப், பிக்கார்ட் என்பவர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். கலியாண வீட்டில் நாதஸ்வரமும் தவிலும் ஜனங்களின் பேச்சும் கலந்து கேட்கும்போது, மூன்று இடங்களில் மூன்று மைக் வைத்துப் பதிவு செய்தால், கணிதத்தைக் கொண்டு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் மூன்று மைக்குகளாக வைத்துக்கொண்டு, அவர்கள் நாடியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 2012-ல் அதே எம்.ஐ.டி.யில் வேறு சிலர், இந்த நுண்ணிய மாறுதலைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையிலேயே காட்டினார்கள். மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் சிவக்கிறது, வெளிறுகிறது, மறுபடி சிவக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலம் மனிதர்களின் முகத்தைப் பார்த்து எழுதுவதே தொழிலாக இருந்தும், முகத்தில் இப்படி ஒன்று இடைவிடாமல் நடந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

இதனால் யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டால், முதலில் குழந்தைகளுக்கு. மாதம் நிறையாமல் பிறந்த சிசுவின் தோல் வெங்காயச் சருகைப் போல் இருக்கும். நாடி பார்ப்பதற்காக ஒட்டும் பட்டையைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடலாம். 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து ஆஸ்பத்திரியில், அப்படிப்பட்ட சிசுக்களின் நாடியைக் காமிராவைக் கொண்டே தொடர்ந்து கவனிக்கலாம் என்று காட்டினார்கள். ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று வடசென்னை முழுவதும் சொல்லும். அங்கே பிறக்கும் மீனவர் வீட்டுக் குழந்தைக்கும், மூட்டை தூக்குகிறவர் வீட்டுக் குழந்தைக்கும் இப்படி ஒரு காமிரா தொட்டிலுக்கு மேலே விழித்துக்கொண்டிருந்தால் வேண்டாம் என்பவர் யார்?

இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி திரும்பி வருகிறது. கறுத்த முகம் சிவப்பது வெளியே தெரியுமா?

நம் தோலுக்குக் கறுப்பைக் கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயிலுக்கு இயற்கை பிடித்த குடை அது. குடைக்கு இது வெயில், இது காமிராவின் வெளிச்சம் என்று பேதம் தெரியாது; எல்லா ஒளியையும் தடுக்கும். ரத்தத்தை எட்டுவதற்கு முன் பாதி ஒளியை அது விழுங்கிவிடும். திரும்பி வருவதிலும் கொஞ்சம் விழுங்கும். கடைசியில் காமிராவுக்கு வந்து சேரும் நாடிச் செய்தி மெலிந்துவிடுகிறது. இரைச்சலோ அப்படியே இருக்கிறது. வெள்ளைத் தோலில் தெளிவாகக் கேட்ட பாட்டு, கறுத்த தோலில் முணுமுணுப்பாகிவிடுகிறது.

இது இயற்கையின் குற்றம் அல்ல. ஆரம்ப காலப் பரிசோதனைகளுக்கு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வெளிர் நிறத்தவர்கள். அளவுகோலிலேயே இந்தக் குணம் இருந்தது. தோலின் நிறத்தை வகைப்படுத்த டாக்டர்கள் இன்றும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் முறை 1975-ல் ஏற்பட்டது. முதலில் அதில் நான்கே வகைகள். நான்கும் வெள்ளைத் தோலுக்கே. உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும் பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது என்று பிற்பாடு சேர்ந்துகொண்டன. பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரி!

இதன் பலன் வெறும் கௌரவக் குறைவு அல்ல. ஆக்ஸிமீட்டரில் இது உயிருக்கே வந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக் கழகத்து டாக்டர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டி, 'பயம் இல்லை' என்று சொன்ன நோயாளிகளின் ரத்தத்தை நேரே எடுத்துச் சோதித்தார்கள். உண்மையில் பிராணவாயு 88-க்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மும்மடங்கு. தொடும் கருவியே இப்படி என்றால், எட்ட நின்று பார்க்கும் காமிராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அதே 2020-ல் நோவாரா, மக்டஃப், வீரராகவன் என்ற மூவர் பல பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மிகக் கறுத்த ஆறாவது வகைத் தோலில் காமிராவின் கணக்கு பின்தங்குவதைக் கண்டார்கள்.

இந்த மூவரில் அசோக் வீரராகவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து 2002-ல் பட்டம் பெற்றவர்; அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். குறையைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 2015-ல், அவரும் மயங்க் குமார், அசுதோஷ் சபர்வால் என்பவர்களும் சேர்ந்து ஒரு பரிகாரம் கண்டிருந்தார்கள். முகம் முழுவதற்கும் ஒரே சராசரி எடுப்பதுதான் தவறு என்றார்கள். நெற்றியில் ரத்தம் நன்றாக ஓடும்; வேறோர் இடத்தில் குறைவாக ஓடும். ஒரு கன்னத்தில் வெளிச்சம் விழும்; மறு கன்னம் நிழலில் இருக்கும். முகத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, நாடி நன்றாகத் தெரியும் பகுதிக்கு அதிக மதிப்பும் தெரியாத பகுதிக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சேர்த்தார்கள். முகம் அசைந்தால் அந்தப் பகுதிகளைத் தொடர்ந்து பின்பற்றினார்கள். கறுத்த தோலிலும், மங்கிய வெளிச்சத்திலும் நாடி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

காமிரா அதே காமிராதான். முகமும் அதே முகம். பார்க்கும் விதத்தை மாற்றினார்கள், தெரிந்தது. இந்தச் சிறிய சங்கதியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

வேறு ஒரு கவலையும் இருக்கிறது. முன்பு ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீட்டாத கையில் நாடி பார்க்க முடியாது என்பது பழைய காலத்து நியதி. மனூச்சியின் அந்தப்புரத்துப் பெண்கூடத் தானாகத்தான் கையைக் கொடுத்தாள். முகத்தையோ யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அது எப்போதும் வெளியே இருக்கிறது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலை வாசலில் காமிரா இருக்கிறது. துறைமுகத்துக் கேட்டில் இருக்கிறது. 'இவனுக்கு நாடி அதிகம், இன்று வேலை இல்லை' என்று ஒருவன் வாயைத் திறக்குமுன் அது சொல்லக்கூடிய காலம் வெகு தூரத்தில் இல்லை. அந்தக் கணக்கு அவனுடைய நிறத்தினால் தவறான கணக்காகவும் இருந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? நாடி வைத்தியர் காலத்தில் இருந்த சம்மதம் காமிரா காலத்திலும் இருக்க வேண்டும். கேட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. முகத்தைப் பார்த்து நாடியை எண்ணுவது நிரூபணமான சங்கதி. அதிலிருந்து தாவி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் முகமே சொல்லும் என்கிறார்கள். 2025 மே மாதத்தில் ஹைதராபாத் நிலோஃபர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தாமல் முகத்தைப் பார்த்தே ரத்தப் பரிசோதனை என்று ஒரு கருவி அறிமுகமாயிற்று. பலித்தால் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று நிஜமாக இருப்பதனாலேயே மற்றவையும் நிஜம் ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே உரைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே உரைத்துப் பார்ப்பது? வடசென்னையைவிடத் தக்க உரைகல் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். காசிமேட்டில் விடியற்காலையில் படகிலிருந்து இறங்கும் மீனவர், துறைமுகத்தில் உப்புக் காற்றும் வெயிலும் பட்ட தொழிலாளி, எண்ணூரில் உலைக்கு முன்னால் நின்று வியர்த்த மனிதர், ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிறந்த பச்சைக் குழந்தை ஆகியோரை எல்லாம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, டியூப் லைட் மினுக்கும் சாதாரண வார்டிலேயே பார்க்கட்டும். ஒரு பக்கம் காமிரா. மறு பக்கம் மணிக்கட்டில் டாக்டரின் விரல். எந்த நிறத்துக்கு எவ்வளவு தவறு வருகிறது என்பதை ஒளிக்காமல் அச்சிட்டு வெளியிடட்டும். ஸ்டான்லியில் வைத்தியக் கல்லூரி 1938-லிருந்து நடக்கிறது. இந்தக் காரியத்துக்கு வேண்டிய மூளைக்கும் மனத்துக்கும் அங்கே பஞ்சம் இல்லை. ராயபுரத்து முகத்தில் நாடியைச் சரியாக எண்ணத் தெரிந்த கருவி உலகத்தில் எந்த முகத்திலும் எண்ணும். வெள்ளைத் தோலில் மட்டும் தேர்ச்சி பெற்ற கருவிக்கு அப்படி ஒரு சான்று கொடுக்க முடியாது.

எண்ணத் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? கத்தியவாரில் தர்மாமீட்டர் சரியாகத்தான் எண்ணியது. அதை எட்ட நின்று வாங்கிப் பார்த்த மனிதர் மறுபடி வரவில்லை. காமிராவும் ஒருநாள் கறுத்த முகம், வெளுத்த முகம் என்ற பேதம் இல்லாமல் நாடியைச் சரியாகச் சொல்லப்போகிறது. நள்ளிரவில், ஏதோ ஒரு வார்டில், ஒரு குழந்தையின் நாடி இறங்குகிறது என்று அது சொல்லும். அப்போது எழுந்து வந்து அந்தச் சின்னக் கையைப் பிடிப்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும்.